கைவிடப்பட்ட ஒலி மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கலாமா? மலேசியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு, செந்தூலில் உறுமி மேளக் குழுக்களுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிப்பதிவு செய்து கொடுத்துவரும் அண்ணன் ஒருவர், பழைய வன்தட்டு ஒன்றை என் மேசைமீது வைத்தார். "தம்பி, 2003இல் பதிந்த பாட்டெல்லாம் இதில்தான் இருக்கிறது. திறக்கிற சாஃப்ட்வேரை இப்போது யாரும் விற்பதில்லை. உனக்குத் தெரிந்தவர்களிடம் இருந்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடு" என்றார். அவர் சொன்னது கூல் எடிட் புரோ என்ற நிரல். அதை உருவாக்கிய சின்ட்ரிலியம் நிறுவனம் இன்று இல்லை. அந்தப் பெயரில் எதுவும் விற்பனையில் இல்லை. இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் சீரியல் எண்ணோடு கிடைத்துவிடும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டறையை ஒலிப்பதிவுக்கூடமாக வைத்திருக்கும் பலர் இதே கேள்வியோடு வருவதால், நான் படித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நேரடியான பதில். விற்பனை நின்றுபோனது என்ற ஒரே காரணத்திற்காக ஒரு நிரலின் படியைப் பிறருக்குக் கொடுக்க மலேசியச் சட்டம் இடம் தரவில்லை. ஆயினும் பழைய பதிவுகளை மீட்பதற்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் பலர் நினைப்பதைவிட அதிகமாக உள்ளன, அவற்றுள் சிலவற்றுக்கு அந்த நிரலே தேவைப்படுவதில்லை.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அதாவது சட்டம் 332. கணினி நிரலை அது இலக்கியப் படைப்பின் கீழ் வைக்கிறது. எனவே ஒரு நாவலுக்கு உள்ள பாதுகாப்புக் காலமே நிரலுக்கும் பொருந்தும்: ஆசிரியரின் வாழ்நாளும், அவர் இறந்தபின் 50 ஆண்டுகளும். 1997இல் வெளிவந்த ஒரு நிரலை எடுத்துக்கொண்டால், அதை எழுதியவர் அதே ஆண்டில் இறந்திருந்தாலும் பாதுகாப்பு 2047 வரை நிற்கும். அவர் உயிரோடு இருந்தால் இன்னும் நீளும். அமெரிக்க நிரல், ஜெர்மானிய நிரல் என்று சொல்லியும் தப்ப முடியாது. மலேசியா 1990 அக்டோபர் 1 முதல், பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் உறுப்பு நாடு என்பதால் பிற உறுப்பு நாடுகளின் படைப்புகளும் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தானாக முன்வந்து அறிவிக்கும் முறை உண்டு. அந்தப் பதிவேட்டில் ஒரு நிரலின் பெயர் இல்லாததால் அதற்கு உரிமையாளர் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

"கைவிடப்பட்ட மென்பொருள்" என்ற வகை இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது பயனர்கள் வைத்த பெயர். கடையில் விற்பதை நிறுத்துவதும், பழுது பார்ப்பதை நிறுத்துவதும், உரிமையை விட்டுக்கொடுப்பதும் மூன்று தனித்தனிச் செயல்கள். முதல் இரண்டும் நடந்திருப்பதைப் பார்த்து மூன்றாவதும் நடந்துவிட்டதாக நாமே முடிவு செய்துகொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

தண்டனையைப் பற்றியும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, உரிமை மீறிய படிகளை விநியோகிப்பவருக்கு ஒவ்வொரு படிக்கும் 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 20,000 ரிங்கிட்டுக்கு மிகாமலும் அபராதமோ, ஐந்து ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பத்து பென்டிரைவில் போட்டுப் பத்து நண்பர்களிடம் கொடுத்தால் குறைந்தபட்ச அபராதமே 20,000 ரிங்கிட் ஆகிவிடும். ஒரே வடிவத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மீறல் படிகளை வைத்திருப்பவர், அவை தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அல்லாதவை என்றே கருதப்படுவார். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. உரிமையாளர் தனியே வழக்குத் தொடுத்தால், சட்டமே வரையறுத்த இழப்பீடாக ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரையும், மொத்தத்தில் 500,000 ரிங்கிட் வரையும் நீதிமன்றம் விதிக்கலாம்.

அதே 41ஆம் பிரிவில், நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார் என்றும், உரிமை மீறப்படும் என்று கருத நியாயமான காரணம் எதுவும் அவருக்கு இல்லை என்றும் நிரூபிக்க முடிந்தவருக்கு விலக்கு இருக்கிறது. கைவிடப்பட்ட மென்பொருளைப் பகிர்பவர்கள் பலர் இதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அது அவர்களைக் காப்பாற்றாது. "இது கைவிடப்பட்டது, யாரும் கேட்கமாட்டார்கள்" என்று எழுதிப் பகிர்கிறவர், அதற்கு ஓர் உரிமையாளர் இருந்தார் என்பதைத் தாம் அறிந்தே பகிர்ந்ததாகத் தம் கைப்படவே எழுதித் தருகிறார்.

டெலிகிராம் குழுவிலோ பொது இணைப்பிலோ ஏற்றுவது, நேரில் ஒருவருக்குக் கொடுப்பதைவிடக் கனமான செயல். பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தல் என்ற தனி உரிமையையும் அது தொடுகிறது. உரிமையாளர் முறைப்படி அறிவிப்பு அனுப்பினால், சேவை வழங்குநர் 48 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பை நீக்க வேண்டும் என்று 43எச் பிரிவு கூறுகிறது. கிராக், போலிச் சாவி, டாங்கிளை (நிரல் இயங்குவதற்காகக் கணினியில் செருக வேண்டிய சாவிக் கருவி) ஏமாற்றும் நிரல் ஆகியவற்றைப் பொறுத்தவரை 36ஏ பிரிவு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதையே தனியாகத் தடை செய்கிறது. அமெரிக்காவில் பழுதடைந்து, மாற்றுக் கிடைக்காத டாங்கிள்களுக்கு 2003இல் ஒரு விலக்கு அளிக்கப்பட்டது உண்மைதான். அது அந்த நாட்டுச் சட்டத்துக்குள் கொடுக்கப்பட்ட தற்காலிக விலக்கு, நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் அதைக் காட்டி வாதிட முடியாது.

உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் எடுப்பதும், அதிகப் பலன் தருவதும் இந்தப் படிதான். நிரல் தொடங்கும்போது வரும் திரை, "பற்றி" என்ற பட்டியல், கையேட்டின் இரண்டாம் பக்கம், குறுந்தட்டின் உறை ஆகியவற்றில் உள்ள பதிப்புரிமை வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதில் உள்ள நிறுவனப் பெயரோடு "வாங்கப்பட்டது", "சொத்துகள் விற்கப்பட்டன" என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பழைய செய்திகளைத் தேடுங்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பொது அட்டவணையில் 1978 முதலான பதிவுகளையும் உரிமை மாற்ற ஆவணங்களையும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

தேடிப் பார்த்தால் "செத்துப்போனது" என்று நாம் நினைத்த நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு உயிருள்ள உரிமையாளர் இருப்பது தெரியும். கூல் எடிட் புரோவை 2003இல் அடோபி வாங்கி, அதே ஆண்டில் ஆடிஷன் என்ற புதுப்பெயரில் வெளியிட்டது. ஆசிட், சவுண்ட் ஃபோர்ஜ், வேகாஸ் ஆகிய நிரல்கள் சோனிக் ஃபவுண்ட்ரியிடமிருந்து 2003இல் சோனிக்கும், 2016இல் மாகிக்ஸுக்கும் கைமாறின. இமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002இல் வாங்கி, அதன் நிரலான லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. அந்தப் பதிப்பு விற்பனையில் இல்லாவிட்டாலும் அதன் உரிமையாளர் யார் என்பதில் ஐயமே இல்லை. மிடிப் பதிவோடு (எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள்) டிஜிட்டல் ஒலியையும் ஒரே நிரலில் கொண்டுவந்த ஸ்டூடியோ விஷனை உருவாக்கிய ஆப்கோடு, 1998இல் கிப்சன் கைக்குப் போய், அடுத்த ஆண்டோடு ஓய்ந்தது. கிப்சனே 2018இல் திவால் பாதுகாப்பு கோரிய நிறுவனம். இப்படிப்பட்ட சங்கிலியில் உரிமை எந்தக் கண்ணியில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்து ஊகித்து முடிவு செய்ய முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும். நிறுவனம் முழுவதுமாகக் கலைக்கப்பட்டாலும் உரிமை காற்றில் கரைவதில்லை; கடன் கொடுத்தவர்களிடமோ, சொத்தை வாங்கியவரிடமோ, பிரிட்டன் போன்ற நாடுகளில் அரசிடமோ அது போய்ச் சேர்கிறது.

நமக்கு அருகிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் கேக்வாக் நிறுவனத்தின் பணிகளை நிறுத்துவதாகக் கிப்சன் அறிவித்தபோது, அந்நிறுவனத்தின் சோனார் நிரலை நம்பியிருந்தவர்கள் அது முடிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அந்தச் சொத்துகளை வாங்கியது. ஏப்ரலில் அதே நிரல் புதுப்பெயரில் இலவசமாகவே வந்தது. அந்த இடைப்பட்ட சில மாதங்களில் "இனி இதற்கு யாரும் இல்லை" என்று சொல்லிப் படிகளைப் பரப்பியவர், ஒரு நாள்கூட உரிமையாளர் இல்லாமல் இருக்காத பொருளைத்தான் பரப்பினார்.

இலவசம் என்ற சொல்லைச் சோதியுங்கள்

உரிமையாளரே இலவசமாகத் தந்த பழைய நிரல்கள் உண்டு. அங்கேயும் "நீங்கள் பதிவிறக்கலாம்" என்பதற்கும் "நீங்கள் பிறருக்குக் கொடுக்கலாம்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2013 ஜனவரியில் அடோபி, வாங்கியவரின் நிரலைச் சரிபார்த்துத் திறந்துவிடும் தன் பழைய செயற்படுத்தல் சர்வர்களை மூடியபோது, ஆடிஷன் 3 உள்ளிட்ட சில நிரல்களைச் சீரியல் எண்ணோடு ஒரு பக்கத்தில் வைத்தது. உலகம் முழுவதும் "அடோபி இலவசமாகக் கொடுத்துவிட்டது" என்று செய்தி பறந்தது. ஏற்கெனவே முறையாக வாங்கியவர்களுக்காக மட்டுமே அது வைக்கப்பட்டது என்று நிறுவனம் விளக்கியது. அந்த விளக்கம் முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை. இன்றும் கோலாலம்பூரில் ஆடிஷன் 3ஐ "அவர்களே கொடுத்தது" என்று சொல்லிக் கைமாற்றுபவர்களை நான் பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, பாதிச் செய்தியை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

ரீபர்த் என்ற நிரலின் கதை வேறு வகை. புரோபெல்லர்ஹெட் நிறுவனம் அதை 2005இல் நிறுத்தி, பதிவிறக்கத்துக்கு இலவசமாக வைத்தது. ரோலண்ட் நிறுவனத்தின் பழைய தாளக் கருவிகளையும் பாஸ் கருவியையும் பின்பற்றி உருவான நிரல் அது. 2017இல் ரோலண்ட் ஆட்சேபம் தெரிவித்ததால் அதன் ஐபேட் பதிப்பு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. நிரலை எழுதியவரின் அனுமதி மட்டும் எப்போதும் போதாது என்பதற்கு இது சான்று. ஒலி மென்பொருளில் இது முக்கியம், ஏனெனில் ஒரு நிரலோடு வரும் தாள மாதிரிகளும் கருவி மாதிரிகளும் தனித்தனி ஒலிப்பதிவுகள். அவற்றின் உரிமை வேறொருவரிடம் இருக்கலாம்.

மூலநிரல் (நிரலாளர் எழுதிய வரிகள்) கண்ணில் படுவதும் அனுமதி ஆகாது. 2024 செப்டம்பரில் பாட்டுக் கேட்கும் நிரலான வினாம்பின் மூலநிரல் வெளியிடப்பட்டது. மாற்றிய பதிப்புகளை விநியோகிக்கக் கூடாது என்ற உரிமத்தோடு வந்த அது, அடுத்த மாதமே நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, ஆடாசிட்டி, ஆர்டர், எல்எம்எம்எஸ் போன்ற ஒலி நிரல்கள், யாரும் பயன்படுத்தவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இருப்பதால், அவற்றின் எந்தப் பழைய பதிப்பையும் உரிம வாசகத்தோடும் மூலநிரலுக்கான வழியோடும் சேர்த்து நீங்கள் யாருக்கும் கொடுக்கலாம். ஆகவே உரிம வாசகத்தில் தேட வேண்டிய சொல் "மறுவிநியோகம்". அது வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் உரிமையாளரின் பக்கத்துக்கு வழி காட்டுங்கள், கோப்பை நீங்கள் கொடுக்காதீர்கள்.

கையில் உள்ள அசல் படியைக் காப்பாற்றுவது

நீங்களே பணம் கொடுத்து வாங்கிய தட்டு இருந்தால் 40ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது. அசல் படியின் உரிமையாளர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பயன்படாமல் போனாலோ உபயோகிப்பதற்காக மட்டும் ஒரு காப்புப் படி எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போதே உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திருந்தால் இது பொருந்தாது, அசலே திருட்டுப் படியாக இருந்தாலும் பொருந்தாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் குறுந்தட்டுகளில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. தட்டின் முழு உருவக் கோப்பை எடுத்து, சீரியல் எண் ஒட்டிய உறையையும் ரசீதையும் படம் பிடித்து, அவற்றோடு ஒரே அடைவில் வையுங்கள். அந்தப் படி உங்களுக்கானது. அதிலிருந்து நண்பருக்கு இன்னொரு படி எடுப்பதை 40ஆம் பிரிவு தாங்காது. தட்டையும் உறையையும் அப்படியே ஒருவருக்குக் கொடுத்துவிட விரும்பினால், உரிமம் பெயர் மாற்றத்தை ஏற்கிறதா என்று பார்த்து, உங்கள் காப்புப் படியை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஆராய்ச்சி, தனிப்பட்ட படிப்பு, விமர்சனம் போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை 13ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்துக்கொண்ட அளவு, சந்தையில் அதன் விளைவு ஆகிய நான்கையும் நீதிமன்றம் பார்க்கும். ஒரு நிரலின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) வைத்துக் கட்டுரை எழுதுவது இதற்குள் எளிதாக அடங்கும். நிரல் முழுவதையும் குழுவில் போடுவது அடங்கும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அனுமதி கேட்பது எப்படி

கேட்பதற்குத் தயங்குகிறோம், பதில் வராது என்று முன்கூட்டியே முடிவு கட்டுகிறோம். சர்ஜ் என்ற ஒலிக்கருவி நிரல் ஒரு காலத்தில் வெம்பர் ஆடியோ விற்ற வணிகப் பொருள். அதன் ஆசிரியர் 2018இல் அதை ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டார். இன்று அது சர்ஜ் எக்ஸ்டி என்ற பெயரில் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு, யாரும் யாருக்கும் கொடுக்கக்கூடியதாக இருக்கிறது. தனி ஒருவர் எழுதிய சிறு பிளக்இன்களுக்கு (பெரிய நிரலுக்குள் சேர்த்து இயக்கும் துணை நிரல்கள்) இப்படி நடக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் அவர்களுக்கு முதலில் எழுதுங்கள்.

மடலில் நிரலின் பெயர், பதிப்பு எண், ஆண்டு ஆகியவற்றோடு நீங்கள் செய்ய விரும்புவதை அளவோடு குறிப்பிடுங்கள். "பகிரலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் சட்டப் பிரிவு "கூடாது" என்று சொல்லிவிடும். "எங்கள் குழுவின் ஆறு பேர், 2003 முதல் 2008 வரை பதிந்த சொந்தக் கோப்புகளைத் திறந்து வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்காக மட்டும், கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம்" என்று எழுதினால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது மாறும். அனுமதி தருபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதையும் மரியாதையாகக் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் "சரி" என்று சொல்வது நிறுவனத்தின் சொல் ஆகிவிடாது. வந்த பதிலைத் தேதியோடு சேமித்து, நிரலின் படியோடு சேர்த்தே வையுங்கள். பதில் வராவிட்டால் ஆறு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் பதிப்புரிமையில் கிடையாது.

நிரல் இல்லாமலே மீட்பது

செந்தூல் அண்ணனின் வன்தட்டுக்குத் திரும்புகிறேன். கூல் எடிட் புரோவின் அமர்வுக் கோப்பில் ஒலி இருப்பதில்லை. எந்த அலைக்கோப்பு எந்தத் தடத்தில் எந்த நொடியில் தொடங்குகிறது, அதன் ஒலியளவு என்ன என்ற குறிப்புகள்தான் இருக்கின்றன. ஒலி பக்கத்து அடைவில் வேவ் கோப்புகளாகக் கிடந்தது. அவற்றை ஆடாசிட்டியில் இழுத்துப்போட்டதும் உறுமியும் தவிலும் தப்பட்டையும் கேட்கத் தொடங்கின. எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. ஆகையால் நிரலைத் தேடுமுன் அடைவைத் திறந்து பாருங்கள். வேவ், ஏஐஎஃப்எஃப், மிடி என்ற நீட்சியுள்ள கோப்புகள் இருந்தால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

தடங்களின் இடம்தான் தொலைந்திருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளைக் காதால் கேட்டுப் பொருத்துவது முடியாத காரியம். பட்டர்வொர்த்தில் இருந்த ஒரு நண்பர் ஆடிஷன் 3ஐ அது வெளிவந்த காலத்திலேயே பெட்டியோடு வாங்கியவர். பழைய விண்டோஸ் மடிக்கணினியையும் வைத்திருந்தார். நாங்கள் அவரிடம் நிரலைக் கேட்கவில்லை. கோப்புகளை அவரிடம் அனுப்பினோம். தம் உரிமத்தின்கீழ், தம் கணினியில், அவரே அமர்வுகளைத் திறந்து, ஒவ்வொரு தடத்தையும் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்கும் தனி வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து திருப்பி அனுப்பினார். எங்கும் ஒரு நிரல் படியெடுக்கப்படவில்லை. உங்கள் வட்டாரத்தில் யார் எந்தப் பழைய நிரலை முறையாக வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுமாறு நான் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்; பெயர்ப் பட்டியலைப் பகிர்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஏற்றுமதி செய்யும்போது மூலத்தின் மாதிரி வீதத்தை மாற்றாமல், 24 பிட்டில், விளைவுகள் சேர்த்த ஒரு தொகுப்பும் சேர்க்காத ஒரு தொகுப்புமாக எடுங்கள். மிடித் தடங்களைப் பொது மிடிக் கோப்பாகத் தனியே எடுங்கள். எந்தத் தொடருக்கு எந்த ஒலிக்கருவி, எந்த முன்னமைப்பு பயன்பட்டது என்பதை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதிவையுங்கள், ஏனெனில் அந்தக் கருவி நிரல்தான் அடுத்து காணாமல் போகப்போவது. மீட்ட பதிவுகளைக் குழுவில் பகிர்வதற்கு முன் பாடியவர்களிடமும் வாசித்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்; அவர்களுக்கும் இதே சட்டம் உரிமை தந்திருக்கிறது. அண்ணன் அப்படிக் கேட்டபோது, 2003இல் உறுமி வாசித்தவர்களில் இருவர் காலமாகிவிட்டதை அறிந்தோம். ஒருவரின் மகள் பத்துமலைக்கு அருகில் இருக்கிறார்; தந்தையின் தடத்தை மட்டும் தனியாகக் கேட்க முடியுமா என்று கேட்டார். அது ஏற்கெனவே தனிக் கோப்பாக இருந்ததால், அன்று மாலையே அனுப்பிவைத்தோம்.